மாதிரி ஐ.நா. மாநாடும் நமது மாணவிகளும்

ஐக்கிய நாடுகள் சபையைப் போல ஒரு சபையை அமைத்து, மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து, உலகப் பிரச்சினை ஒன்றைப் பற்றி வாதிட்டுத் தீர்மானம் எழுதும் நிகழ்ச்சியையே மாதிரி ஐ.நா. மாநாடு என்கிறார்கள். ஐ.நா. பிறப்பதற்கு முன்பே, 1920களில், அதற்கு முன்னோடியாக இருந்த சர்வதேச சங்கத்தை வைத்து மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். இன்று கொழும்பின் பெரிய பாடசாலைகளிலும் சர்வதேசப் பாடசாலைகளிலும் இது வருடாந்த விழாவாகிவிட்டது. நமது கல்லூரியிலிருந்தும் ஆங்கில மொழிமூல மாணவிகள் சிலர் போய் வந்தார்கள். சான்றிதழ்களும் வந்தன.

அவர்கள் போய் வந்த பிறகு ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் இருவகைப் பேச்சுகள் எழுந்தன. “எல்லாப் பிள்ளைகளும் போக வேண்டும், ஆங்கிலம் வளரும், மேடைக் கூச்சம் தீரும்” என்றனர் சிலர். “பதிவுக் கட்டணம், வேன் கூலி, கோட் தைக்கும் செலவு, கடைசியில் நான்கு புகைப்படம்” என்றனர் வேறு சிலர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த மாநாட்டின் உயிர் எதுவோ அதை இரண்டு தரப்பும் தொடவில்லை என்பதே என் எண்ணம். தனக்குச் சொந்தமில்லாத ஓர் ஆசனத்தில் அமர்ந்து, தான் தெரிவு செய்யாத ஒரு நாட்டின் நியாயத்தைத் தேடிப் பிடித்து, அதை இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருப்பதுதான் அதன் உயிர். கோட்டும் ஆங்கிலமும் கேடயமும் மேலே போர்த்திய துணிகள். இது சரியென்றால், இந்த மாநாட்டை நமது மண்டபத்திலேயே, தமிழிலேயே, தரம் 10 முதல் உயர்தரம் வரை விரும்பும் எல்லா மாணவிகளுக்கும் நாம் நடத்தலாம், நடத்தவும் வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பேசும் விடயம் காலநிலை மாற்றம். ஒரு மாணவிக்கு மாலைதீவு என்ற சீட்டு விழுகிறது. மாலைதீவு என்றால் நமக்குத் தெரிந்தது மாசியும் ஹோட்டல்களும்தான். இப்போது அவள் தேடத் தொடங்குகிறாள். அந்நாட்டின் நிலம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீற்றர் அளவே உயரமானது. 2009 ஒக்டோபரில் அந்நாட்டு அமைச்சர்கள் நீர்மூழ்கும் உடை அணிந்து கடலுக்கடியில் கூட்டம் நடத்தி, காபன் வெளியேற்றத்தைக் குறைக்கக் கோரும் ஆவணத்தில் கையொப்பமிட்டார்கள். விளம்பரத்துக்காகவா என்று ஒருத்தி கேட்கக்கூடும். விளம்பரத்துக்காகத்தான். படையும் பணமும் இல்லாத சின்ன நாட்டைப் பெரிய நாடுகள் திரும்பிப் பார்க்க வேறு என்ன வழி என்று யோசிக்கும்போதுதான் அந்த மாணவி மாலைதீவின் பிரதிநிதியாக ஆகிறாள்.

பக்கத்து மேசை மாணவிக்கு விழுந்தது சவூதி அரேபியா. ஹரம்கள் இரண்டும் உள்ள நாடு என்ற அன்போடு அவள் சீட்டை வாங்குகிறாள். தேடிப் பார்த்தால் அவள் எதிர்கொள்ளும் உலகம் வேறு. 2018 டிசம்பரில் போலந்தின் கடோவிச் நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், புவி 1.5 பாகை செல்சியஸ் வெப்பமடைவதன் விளைவுகளைப் பற்றிய விஞ்ஞானிகளின் அறிக்கை பேசுபொருளாக இருந்தது. அந்த அறிக்கையை மாநாடு “வரவேற்கிறது” என்று எழுத வேண்டும் என்றது சிறு தீவு நாடுகளின் சார்பில் பேசிய மாலைதீவு. “கவனத்திற் கொள்கிறது” என்றால் போதும் என்றன சவூதி அரேபியா, குவைத், அமெரிக்கா, ரஷ்யா ஆகியவை. ஒரே ஒரு சொல்! அதற்காக அன்றைய அமர்வு இழுபட்டது. கடைசியில், அறிக்கை உரிய காலத்தில் முடிக்கப்பட்டதை வரவேற்பதாக ஒரு வாசகம் எழுதி நிறுத்தினார்கள். அறிக்கையை வரவேற்கவில்லை, அது முடிந்ததை வரவேற்றார்கள்! இரண்டும் முஸ்லிம் நாடுகள், இரண்டும் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் அங்கம் வகிப்பவை. ஒன்று கடலில் மூழ்க அஞ்சுகிறது, மற்றது எண்ணெய் வருமானம் மூழ்க அஞ்சுகிறது. “முஸ்லிம் நாடுகள் எல்லாம் ஒன்று சேர்ந்தால்” என்று நாம் வீட்டில் எளிதாகத் தொடங்கும் வாக்கியத்தை இந்த இரண்டு மாணவிகளும் இனி அவ்வளவு எளிதாக முடிக்க மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் ஐ.நா.வின் ஆறு பிரதான அங்கங்களை மனனமிட்டு எழுதிய மாணவிக்கு இந்த அறிவு கிடைப்பதில்லை. அரசறிவியல் படிப்பிப்பவள் என்ற முறையில் இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

ஆங்கிலம் இல்லாமல் இதை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். நியூயோர்க்கில் உள்ள சபையிலேயே எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவதில்லை. அங்கே ஆறு உத்தியோகபூர்வ மொழிகள் உள்ளன. அவற்றில் அரபும் ஒன்று, பொதுச் சபையில் 1973இல் சேர்க்கப்பட்டது. சீனத் தூதுவர் சீனத்திலும் செனகல் தூதுவர் பிரெஞ்சிலும் பேச, காதில் உரைபெயர்ப்பைக் கேட்டபடி மற்றவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். உரைபெயர்ப்புக்குத் தாமே ஏற்பாடு செய்தால் வேறு மொழியிலும் உரையாற்ற இடமுண்டு. அசலே இப்படியிருக்க, மாதிரி மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன, அவற்றை வாசித்தே ஆக வேண்டும். உயர்தரத்தில் அரபு கற்கும் மாணவிகளுக்கு இப்போதைய தீர்மானங்களின் அரபு வடிவமும் கிடைக்கும். வாசிப்பது அந்த மொழிகளில், வாதிடுவது தாய்மொழியில் என்று வைத்தால் இரண்டும் வளரும். வகுப்பில் மிகக் கூர்மையாகக் கேள்வி கேட்கும் பிள்ளை ஆங்கிலம் ஓடவில்லை என்பதற்காக மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து கைதட்டிவிட்டு வருவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

மொழிபெயர்ப்பதிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1967 நவம்பர் 22ஆம் திகதி பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் இலக்கத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் யுத்தத்தில் ஆக்கிரமித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது அது. ஆங்கில மூலத்தில் பிரதேசங்கள் என்ற சொல்லுக்கு முன்னால் “த” என்ற சுட்டுச் சொல் இல்லை. பிரெஞ்சு மூலத்தை வாசித்தால் குறித்த அந்தப் பிரதேசங்கள் என்ற பொருளே தொனிக்கிறது. எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும் என்பது அரபு நாடுகளின் வாசிப்பு. எல்லாவற்றிலிருந்தும் என்று எழுதவில்லையே என்பது இஸ்ரேலின் வாசிப்பு. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த வாதம் முடியவில்லை. இதைத் தமிழில் எழுது என்று ஒரு மாணவியிடம் கொடுத்துப் பாருங்கள். நமது மொழியில் அந்தச் சுட்டுச் சொல்லே கிடையாது. “ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசங்களிலிருந்து” என்று எழுதுவதா, “பிரதேசங்கள் அனைத்திலிருந்தும்” என்று எழுதுவதா என்று அவள் பேனாவை வைத்துக்கொண்டு திணறுவாள். ஒரு மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லின் இன்மை எத்தனை குடும்பங்களின் வீட்டையும் தோட்டத்தையும் பற்றியது என்பது அந்தத் திணறலில் தெரியவரும். ஆங்கிலத்திலேயே பேசி ஆங்கிலத்திலேயே எழுதும் மாணவிக்கு அந்தத் திணறல் ஏற்படாமலே போகலாம்.

பலஸ்தீனத்தைத் தொட்ட பிறகு, பெற்றோர் கூட்டத்தில் ஓர் உம்மா என்னிடம் கேட்ட கேள்விக்கு வராமல் இருக்க முடியாது. “எங்கட புள்ள ஏன் டீச்சர் இஸ்ரேலுக்காகப் பேசணும்?” வேறொரு பாடசாலை மாநாட்டில் அவரது உறவுக்காரப் பிள்ளைக்கு அந்த நாடு கிடைத்ததாம். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததாம். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளக் கூடாது. காஸாவின் பிள்ளைகளை நாள்தோறும் திரையில் பார்த்துக் கண்ணீர் விட்டு, தொழுகையில் துஆச் செய்யும் ஒரு பிள்ளையிடம் “நீ இன்று மறுபக்கம்” என்று சீட்டை நீட்டுவது சின்ன விடயமில்லை.

ஆனாலும் என் பதில், பேசட்டும் என்பதுதான். 2023 டிசம்பர் 8ஆம் திகதி, காஸாவில் உடனடி மனிதாபிமான யுத்த நிறுத்தம் கோரும் தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தது. பதினைந்து உறுப்பினர்களில் 13 பேர் ஆதரவு, பிரித்தானியா வாக்களிக்காமல் ஒதுங்கியது, அமெரிக்கா எதிர்த்தது. நிரந்தர உறுப்பினரின் எதிர்ப்பு என்பதால் தீர்மானம் விழுந்தது. நான்கு நாள் கழித்து இதேபோன்ற கோரிக்கை பொதுச் சபைக்குப் போனபோது 153 நாடுகள் ஆதரித்தன, 10 நாடுகள் எதிர்த்தன, 23 நாடுகள் ஒதுங்கி நின்றன. அங்கே அது நிறைவேறியது, ஆனால் யாரையும் கட்டுப்படுத்தும் சட்ட வலு அதற்கு இல்லை. இந்த எண்களை நாம் எல்லோரும் செய்தியில் கேட்டோம், கோபப்பட்டோம், மறந்தோம். அமெரிக்காவின் ஆசனத்தில் அமரும் மாணவியால் அப்படி மறக்க முடியாது. ஒக்டோபர் 7ஆம் திகதித் தாக்குதலை வரைவு கண்டிக்கவில்லை, உடனடி யுத்த நிறுத்தம் அடுத்த யுத்தத்துக்கே வித்திடும் என்று அன்று அமெரிக்கா சொன்ன காரணங்களை அவள் தேடி வாசிக்க வேண்டும், எழுந்து நின்று சொல்ல வேண்டும், எதிரே ஐக்கிய அரபு அமீரகத்தின் ஆசனத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அந்த வாதம் எந்த இடத்தில் தடுமாறுகிறது, எந்த இடத்தில் கேட்போரை மயக்குகிறது என்பது சபையிலுள்ள எவரையும்விட அவளுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். பலஸ்தீனத்துக்காக நாளை ஓர் உலக மன்றத்தில் எழுந்து நிற்கப்போகும் பெண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. எதிர்த் தரப்பின் வாதத்தை ஒருநாளும் காதால் கேளாதவள் தன் தரப்பு வாதத்தைத் தன் வீட்டாரிடம் மட்டுமே வெல்ல முடியும்.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். (அதை நடித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது கூடவே கூடாது. நமக்குத் தெரிந்த வரலாறாகச் சொல்கிறேன்.) உடன்படிக்கை எழுதப்படும்போது குறைஷியரின் சார்பில் வந்த சுஹைல் இப்னு அம்ர், “அல்லாஹ்வின் தூதர்” என்ற சொல்லை மறுத்தார். உம்மைத் தூதர் என்று ஏற்றிருந்தால் நாங்கள் ஏன் உம்மைத் தடுக்கப் போகிறோம் என்பது அவரது வாதம். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அழிக்க மனம் வராமல் அலி (ரழி) அவர்கள் தயங்க, நபி (ஸல்) அவர்களே அந்தச் சொல்லை அகற்றி, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்று எழுதச் செய்தார்கள். ஸஹாபாக்களுக்குத் தாங்க முடியாத துக்கம். அறுத்துப் பலியிட்டு முடி களையுமாறு நபியவர்கள் சொல்லியும் எவரும் எழும்பவில்லை. அப்போது, எவரோடும் பேசாமல் நீங்களே முதலில் போய்ச் செய்யுங்கள் என்று ஆலோசனை சொன்னவர் உம்மு ஸலமா (ரழி) அவர்கள். அப்படியே செய்தார்கள், மற்றவர்களும் எழும்பினார்கள். இராஜதந்திரம் ஆண்களின் வேலை, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கும் வாப்பாமார் இந்தச் சம்பவத்தைக் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எனக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். யுத்தம் ஒன்றை விளையாட்டுப் போல் எடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “இதோ இன்னொரு நகரம் விழுந்தது” என்று துண்டுச் சீட்டு அனுப்பி, சபை சிரித்துக் கும்மாளமிடும் அமர்வுகள் சில மாநாடுகளில் உண்டு. அது நமக்கு வேண்டாம். நம் நாட்டிலேயே ஆறாத காயங்கள் உள்ளன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தத் துயரங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவது கல்வியாகாது. உறவினரை இழந்த பிள்ளைக்கு இழப்பித்தவரின் ஆசனத்தைக் கொடுப்பதும் ஆகாது. இதை முன்கூட்டியே விசாரித்து அறிவது பொறுப்பாசிரியரின் வேலை.

இன்னொன்று, விருது. “சிறந்த பிரதிநிதி” என்று ஒருவருக்குக் கேடயம் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், அதிகம் பேசியவள், அடிக்கடி கை உயர்த்தியவள் வெல்கிறாள். உண்மையான பொதுச் சபையிலோ பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல், பின்னறைகளில் சொல் சொல்லாகப் பேசி இணங்கி நிறைவேறுகின்றன. நாம் கேடயத்தை விட்டுவிடலாம். தீர்மானம் நிறைவேறியே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிடலாம். இரண்டு நாள் முடிவில் எல்லா நாடுகளும் கைகோத்து உலகைக் காப்பாற்றிவிட்டதாகக் குழுப்படம் எடுப்பதைவிட, ஒரு நிரந்தர உறுப்பினர் கையை உயர்த்தி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட, மண்டபம் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தால் நான் மகிழ்வேன். அன்று மாலை வீட்டில் அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விகள் உண்மையானவையாக இருக்கும்.

நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்கு இதெல்லாம் எட்டாத உயரம் என்று நினைக்கவும் வேண்டாம். இலங்கை ஐ.நா.வில் சேர்ந்தது 1955 டிசம்பரில். 1968இல், ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேச மக்களின் மனித உரிமைகளைப் பாதிக்கும் இஸ்ரேலிய நடவடிக்கைகளை விசாரிக்க ஒரு விசேட குழு அமைக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக இருந்தவர் நமது தூதுவர் ஷேர்லி அமரசிங்க. உலகக் கடல்களுக்குச் சட்டம் எழுத 1973இல் கூடிய மாநாட்டின் தலைவரும் அவரே. 1978இல் அவர் நாட்டின் தூதுக்குழுவில் இல்லாமற்போன பின்னும், சில நாடுகள் ஆட்சேபித்தும், மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. 1980இல் அவர் காலமானார். சாசனம் 1982 டிசம்பரில்தான் கையொப்பத்துக்கு வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆள்புலக் கடல், 200 கடல் மைல் வரை பொருளாதார வலயம் என்று இன்று புவியியல் பாடத்தில் படிக்கும் எண்கள், ஒன்பது ஆண்டுகள் மேசை மேசையாகப் பேசி எட்டப்பட்டவை. 1977 முதல் 1989 வரை வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர் நம் சமூகத்தைச் சேர்ந்த ஏ.சீ.எஸ். ஹமீட். ராதிகா குமாரசுவாமி 2006 முதல் 2012 வரை, ஆயுத மோதல்களில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியாகப் பணியாற்றினார்.

ஆகவே எனது யோசனை இது. மூன்றாம் தவணையில் இரண்டு நாட்கள், காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, நமது பிரதான மண்டபத்தில். வெளியூர்ப் பயணமோ இரவுத் தங்கலோ இல்லை. சீருடையே போதும், கோட் தேவையில்லை. செலவென்று பார்த்தால் பெயர்ப்பலகைக்குப் பிறிஸ்டல் போட், ஒரு மேசை மணி, நகலெடுக்கும் கூலி. தலைமை தாங்குவதற்கு, கொழும்பு மாநாட்டுக்குப் போய் வந்த ஆங்கில மொழிமூல மாணவிகளையே அழைக்கலாம், நடைமுறை விதிகளை அவர்கள் அறிவார்கள். முதல் வருடம் இரண்டு சபைகள் போதும். ஒன்றில் பாக்கு நீரிணை மீன்பிடி. இழுவைமடி வலையை நாம் 2017இல் சட்டத்தால் தடை செய்தோம். மன்னார் மீனவரின் கிழிந்த வலையைப் பற்றிப் பேச இங்கே நூறு பேர் இருப்பார்கள், இராமேஸ்வரத்து மீனவரின் கடனையும் அவர் வீட்டாரின் பயத்தையும் பற்றிப் பேசவும் ஒருத்தி வேண்டும். மற்றச் சபை சர்வதேச தொழில் அமைப்பு. அங்கே அரசாங்கத்தோடு தொழில்தருநரும் தொழிலாளரும் தனித்தனியே அமர்ந்து வாக்களிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 2011இல் அது நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் சமவாயம் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. நமது மாணவிகளில் எத்தனை பேரின் உம்மாவும் சாச்சியும் மத்திய கிழக்கின் சமையலறைகளில் நின்று இவர்களைப் படிக்க வைத்தார்கள்! அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எஜமானியின் ஆசனத்தில் அமர்ந்து பேசிப் பார்க்கட்டும், விருப்பமிருந்தால் மட்டும்.

சீட்டுக் குலுக்கல் மாநாட்டுக்கு ஆறு கிழமைகளுக்கு முன் நடக்கும். அந்த ஆறு கிழமையும் வெள்ளி தவிர்ந்த நாட்களில் நூலகம் பிற்பகல் 3 மணி வரை திறந்திருக்க அதிபரிடம் அனுமதி கேட்கவுள்ளேன். பெற்றோரிடம் நான் கேட்பது பணமல்ல. கட்டாரிலும் குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்து திரும்பியவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். கடவுச்சீட்டை யார் வைத்திருந்தார்கள், சம்பளம் எத்தனை மாதம் தாமதித்தது, நல்ல எஜமானர் எப்படியிருந்தார், தூதரகத்துக்குப் போனால் என்ன நடந்தது என்பதை ஒரு மணித்தியாலம் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உம்மாமார் வந்தால் இன்னும் நல்லது. ஆண்கள் இல்லாத அறையில் பேச ஏற்பாடு செய்து தரலாம், பெயர் எங்கும் எழுதப்படாது.